மைன்கிராஃப்ட் டேட்டா ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றுவது எப்படி? உலகம் தொலையக்கூடாது

பூவரசு

எல்லோருக்கும் வணக்கம். மகள் மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு விளையாடுகிறாள். அவளும் என் தங்கை மகனும் விடுமுறைக்கு விடுமுறை சேர்ந்து உட்கார்ந்து ஒரு ஊரையே கட்டி வைத்திருக்கிறார்கள். தெப்பக்குளம், நான்கு மாட வீதி, ரயில் நிலையம், அங்கிருந்து மலைக்குள் போகும் தண்டவாளம் என்று அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருக்கிறது.

லேப்டாப்பில் சி டிரைவ் 256 ஜிபி எஸ்எஸ்டி. அதில் சிவப்புக் கோடு வந்துவிட்டது. டி டிரைவ் 1 டிபி ஹார்ட் டிஸ்க், பெரும்பாலும் காலி. விண்டோஸ் செட்டிங்ஸில் போய் லாஞ்சரை, அதாவது விளையாட்டைத் தொடங்கி வைக்கும் நிரலை, டி டிரைவுக்கு நகர்த்திப் பார்த்தோம். நகர்ந்தது, ஆனால் சி டிரைவில் இடம் கூடவே இல்லை.

விளையாட்டின் டேட்டா முழுவதையும் டிக்கு மாற்ற முடியுமா? எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கை வைப்பதாக இருக்கிறேன். அந்த ஊர் போய்விட்டால் பிள்ளைகள் இருவரையும் சமாதானப்படுத்த முடியாது.

சுண்டைக்காய்

ரோமிங் ஃபோல்டருக்குள் இருக்கும் .மைன்கிராஃப்டை கட் செய்து டியில் பேஸ்ட் செய்யுங்கள். அப்புறம் எம்கேலிங்க் கட்டளையில் ஒரு ஜங்ஷன், அதாவது பழைய இடத்திலிருந்து புது இடத்துக்கு ஒரு இணைப்பு, போட்டால் போதும்.

வட்டெழுத்து

அக்கா, கட் மட்டும் வேண்டாம். ஒரே டிரைவுக்குள் கட் செய்தால் முகவரி மட்டும் மாறும். இரண்டு டிரைவுகளுக்கு இடையே கட் செய்தால் விண்டோஸ் பிரதி எடுத்துவிட்டுப் பழையதை அழிக்கும். நடுவில் லேப்டாப் அணைந்தால் பாதி இங்கே, பாதி அங்கே என்று நிற்கும். காப்பி எடுங்கள், சரிபாருங்கள், கடைசியில் அழியுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது.

லாஞ்சரை நகர்த்தியும் இடம் கூடாததற்குக் காரணம், லாஞ்சர் வேறு, விளையாட்டின் டேட்டா வேறு. லாஞ்சர் எங்கே இருந்தாலும் டேட்டா உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் புள்ளியில் தொடங்கும் .மைன்கிராஃப்ட் என்ற ஃபோல்டரில்தான் போய் உட்காரும். ஆப்டேட்டா மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர். விண்டோஸ் சாவியோடு ஆர் எழுத்தை அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் சதவீதக்குறி, ஆப்டேட்டா, மறுபடி சதவீதக்குறி என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் நேரே ரோமிங்குக்குப் போகலாம்.

உள்ளே போனதும் பயப்பட வேண்டாம். அங்கே இருப்பதில் பாதி, போனாலும் லாஞ்சர் தானாக மறுபடி இறக்கிக்கொள்ளும் சரக்கு. அசெட்ஸ், லைப்ரரீஸ், வெர்ஷன்ஸ் ஆகிய மூன்றும் அந்த வகை. ஒலி, படம், நிரல் எல்லாம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. அசெட்ஸுக்குள் புரியாத எழுத்துகளைப் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் இருக்கும். காப்பி எடுக்கும்போது நேரத்தைத் தின்பது அவைதான்.

மறுபடி எங்கிருந்தும் இறக்க முடியாதது சேவ்ஸ் ஃபோல்டர். ஒவ்வொரு உலகத்துக்கும் அதில் ஒரு ஃபோல்டர் உண்டு. பிள்ளைகளின் ஊர் அங்கேதான் இருக்கிறது. அதோடு ஸ்கிரீன்ஷாட்ஸ், ரிசோர்ஸ்பேக்ஸ், ஷேடர்பேக்ஸ், மோட்ஸ் (விளையாட்டோடு கூடுதலாகச் சேர்க்கும் நிரல்கள்), கான்ஃபிக் ஆகிய ஃபோல்டர்களும், ஆப்ஷன்ஸ் என்ற டெக்ஸ்ட் கோப்பும், சர்வர்ஸ் என்ற டேட் கோப்பும் உங்களுடையவை.

முதலில் எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்துச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு வழியைத் தேர்ந்தெடுக்கலாம்.

பூவரசு

மிக்க நன்றி தம்பி. பார்த்தேன். மொத்தம் 23 ஜிபி. அதில் பேக்கப்ஸ் என்ற ஃபோல்டர் மட்டும் கிட்டத்தட்ட 10 ஜிபி. சேவ்ஸ் 9 ஜிபி. மற்றதெல்லாம் சில்லறை. சேரோஸ் என்று ஏதோ வரைபட மோட் போட்டிருப்பதாக மகள் சொல்கிறாள், டிஸ்டன்ட் ஹரைசன்ஸ் என்று இன்னொன்றும் இருக்கிறதாம்.

வட்டெழுத்து

பாதி வேலை இப்போதே முடிந்த மாதிரிதான். உலகங்களின் பட்டியலில் எடிட் அழுத்தி மேக் பேக்கப் கொடுத்தால், அந்த உலகத்தின் ஜிப் ஒன்று பேக்கப்ஸ் ஃபோல்டரில் விழும். பழையதை விளையாட்டு அழிக்காது. உங்கள் மகள் பொறுப்பாகப் பேக்கப் எடுத்து வந்திருக்கிறாள், அவை எல்லாம் சி டிரைவிலேயே சேர்ந்துவிட்டன. அந்த ஜிப் கோப்புகளை எப்போது வேண்டுமானாலும் டிக்குக் காப்பி செய்யலாம். விளையாட்டு அவற்றைத் தேடவே தேடாது. எஸ்எஸ்டி பழுதானால் உலகமும் அதன் பேக்கப்பும் சேர்ந்து போகும் என்பதாலும் பேக்கப் வேறு டிஸ்கில் இருப்பதுதான் சரி.

சேவ்ஸ் 9 ஜிபி ஆனதற்கு டிஸ்டன்ட் ஹரைசன்ஸும் ஒரு காரணமாக இருக்கலாம். தொலைவில் தெரியும் நிலக்காட்சியை அது ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பாக உலகத்தின் டேட்டா ஃபோல்டருக்குள்ளேயே சேமிக்கிறது. சுற்றச் சுற்ற அது பெருகும். விளையாட்டை மூடிவிட்டு அந்த ஒரு கோப்பை அழித்தாலும் ஊருக்கு எதுவும் ஆகாது, மோட் அதை மறுபடி கட்டிக்கொள்ளும்.

மீதியை மாற்ற லாஞ்சரிலேயே நேரான வழி இருக்கிறது. இன்ஸ்டலேஷன்ஸ் பகுதியில் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பதிவு இருக்கும். அவள் பயன்படுத்தும் இன்ஸ்டலேஷனின் எடிட்டுக்குப் போனால் கேம் டைரக்டரி என்று ஒரு கட்டம் இருக்கும். பிரவுஸ் அழுத்தி டி டிரைவில் ஒரு புது ஃபோல்டரைக் காட்டுங்கள். அதன்பின் உலகம், மோட், ஸ்கிரீன்ஷாட், செட்டிங் எல்லாவற்றையும் விளையாட்டு அங்கேதான் தேடும். அசெட்ஸ், லைப்ரரீஸ், வெர்ஷன்ஸ் மூன்றும் சியிலேயே இருக்கும். அவை சின்னவை, இருந்துவிட்டுப் போகட்டும்.

நீங்களாகச் செய்ய வேண்டியது, முதலில் விளையாட்டையும் லாஞ்சரையும் முழுவதுமாக மூடிவிட்டு, பழைய .மைன்கிராஃப்டிலிருந்து அந்த மூன்று தவிர மற்றதைப் புது ஃபோல்டருக்குக் காப்பி செய்வது. சேரோஸ் வரைபடத்தின் ஃபோல்டர் சேவ்ஸுக்குள் இருக்காது, வெளியே தனியாக இருக்கும். அதை விட்டுவிட்டால் உலகம் திறக்கும், ஆனால் இதுவரை சுற்றிய வரைபடமும் குறித்து வைத்த இடங்களும் காலியாகத் தெரியும்.

கீழ்வானம்

கேம் டைரக்டரி நல்ல வழிதான், ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு. அந்த அமைப்பு ஒவ்வொரு இன்ஸ்டலேஷனுக்கும் தனித்தனி. நாளைக்குப் புதுப் பதிப்பு வந்து மகள் வேறு இன்ஸ்டலேஷனில் ப்ளே அழுத்தினால், அது பழையபடி சி டிரைவைத்தான் பார்க்கும். உலகங்களின் பட்டியல் வெறுமையாக இருக்கும். குழந்தை என்ன நினைக்கும்? ஒரே வேலையாக முடிய வேண்டுமென்றால் ஜங்ஷன்தான் சரி என்பது என் கருத்து.

ஜங்ஷன் என்பது என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையிலேயே உள்ள வசதி. வீடு மாறியபின் பழைய முகவரிக்கு வரும் தபாலைத் தபால் நிலையமே புது வீட்டுக்குத் திருப்பிவிடும் அல்லவா, அந்த மாதிரி. ரோமிங்கில் .மைன்கிராஃப்ட் என்ற பெயர் அப்படியே இருக்கும், அதைத் திறக்கிற எந்த நிரலையும் விண்டோஸ் டியில் உள்ள ஃபோல்டருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். லாஞ்சருக்கு வித்தியாசமே தெரியாது.

செய்முறை: முழு .மைன்கிராஃப்டையும் டிக்குக் காப்பி செய்யுங்கள். சியில் உள்ளதை அழிக்காமல், பெயரின் கடைசியில் பழையது என்று பொருள்படும் ஒரு ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து மாற்றிவிடுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து எம்கேலிங்க், ஒரு இடைவெளி, சாய்கோடும் ஜே எழுத்தும், இடைவெளி, மேற்கோள் குறிக்குள் சி டிரைவின் பழைய முகவரி, இடைவெளி, மேற்கோள் குறிக்குள் டி டிரைவின் புது முகவரி. எல்லாம் ஆங்கில எழுத்தில். பலர் தலைகீழாகப் போடுவது இந்த முகவரி வரிசையைத்தான். இணைப்பு முதலில், நிஜ ஃபோல்டர் அடுத்து.

பவர்ஷெல்லில் இந்தக் கட்டளை நேரடியாக ஓடாது, ஏனென்றால் எம்கேலிங்க் கமாண்ட் பிராம்ப்டுக்குள்ளேயே அடங்கிய கட்டளை. ஜேக்குப் பதில் டி எழுத்தைப் போட்டால் சிம்பாலிக் லிங்க் என்ற இன்னொரு வகை இணைப்பு உருவாகும், அதற்கு நிர்வாகி உரிமையோ டெவலப்பர் மோடோ வேண்டும். ஜங்ஷனுக்கு இரண்டும் வேண்டாம்.

சுண்டைக்காய்

கீழ்வானம் சொல்வதோடு உடன்படுகிறேன். கட் செய்யச் சொன்னது அவசரம், வட்டெழுத்து சொன்ன வரிசைதான் சரி. பின்னால் ஜங்ஷனை நீக்க வேண்டி வந்தால் ஆர்எம்டிர் கட்டளையைத் தனியாகக் கொடுங்கள், இணைப்பு மட்டும் போகும். டெல் கட்டளையை அதன்மேல் ஓட்ட வேண்டாம், அது இணைப்பு வழியாக உள்ளே போய் நிஜக் கோப்புகளை அழித்துவிடும்.

வட்டெழுத்து

ஜங்ஷன் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த மட்டத்தில் போடுகிறோம் என்பது முக்கியம். சிலர் இடத்தை மிச்சப்படுத்த ஒரு உலகத்தின் உள்ளே இருக்கும் ஃபோல்டரை மட்டும் வேறு டிரைவுக்கு இணைக்கிறார்கள். 2023இல் வந்த 1.20 பதிப்பிலிருந்து, உலகத்தின் ஃபோல்டருக்குள் சிம்பாலிக் லிங்க் இருந்தால் விளையாட்டு எச்சரித்து அந்த உலகத்தைத் திறக்க மறுக்கும். வெளியிலிருந்து இறக்கிய உலகம் உங்கள் டிஸ்கின் வேறு மூலைகளைத் தொட்டுவிடாமல் இருக்க இந்தப் பாதுகாப்பு. அனுமதி கொடுக்க அலவ்டு சிம்லிங்க்ஸ் என்ற டெக்ஸ்ட் கோப்பு இருக்கிறது, ஆனால் ஒரு குழந்தையின் லேப்டாப்பில் அந்தச் சிக்கலுக்குள் போகவே கூடாது. இணைப்பு போடுவதானால் .மைன்கிராஃப்ட் மட்டத்தில் மட்டும் போடுங்கள்.

எந்த வழியில் போனாலும் காப்பி சரியாக வந்ததா என்று பார்ப்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். காரணத்தைச் சொல்கிறேன். உலகத்தின் நிலமெல்லாம் ரீஜியன் என்ற ஃபோல்டரில் எம்சிஏ கோப்புகளாக இருக்கிறது. 2012இல் 1.2 பதிப்போடு வந்த ஆன்வில் வடிவம் அது. ஒவ்வொரு கோப்பும் 32க்கு 32 சங்க் கொண்டது, ஒரு சங்க் 16க்கு 16 கட்டை. ஆக, ஒரு கோப்பு என்றால் 512க்கு 512 கட்டை நிலம். அதில் ஒரு கோப்பு காப்பியில் விடுபட்டால் விளையாட்டு பிழைச் செய்தி காட்டாது. அந்த இடம் இதுவரை யாரும் போகாத நிலம் என்று நினைத்து, உலகத்தை முதலில் உருவாக்கிய விதை எண்ணை வைத்துப் புதிதாகக் காட்டையும் மலையையும் உருவாக்கிவிடும். ஊர் இருக்கும், நடுவே தெப்பக்குளம் இருந்த இடத்தில் மட்டும் சதுரமாகக் காடு நிற்கும். வாரக்கணக்கில் அந்தப் பக்கம் போகாவிட்டால் யாருக்கும் தெரியவும் தெரியாது. அதற்குள் பழைய பிரதியை அழித்திருந்தால் திரும்ப எடுக்க வழியில்லை.

அதனால் இரண்டு ஃபோல்டர்களின் பிராப்பர்ட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோப்பு எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். சைஸ் என்ற வரியில் உள்ள பைட் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். சைஸ் ஆன் டிஸ்க் வேறுபட்டால் கவலை வேண்டாம், டிரைவ் ஃபார்மட் செய்த விதத்தைப் பொறுத்து அது மாறும். விளையாட்டைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள், திறந்தால் எண்கள் மாறிவிடும்.

இரவுப்பூனை

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. டி டிரைவ் ஹார்ட் டிஸ்க். ஆள் நகர நகர விளையாட்டு எம்சிஏ கோப்புகளிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னத் துண்டுகளைப் படிக்கிறது. எஸ்எஸ்டிக்கு இது ஒன்றுமே இல்லை. ஹார்ட் டிஸ்கின் ஊசி ஒவ்வொரு துண்டுக்கும் நகர்ந்து போக வேண்டும். நடந்து போனால் உணர மாட்டார்கள். எலிட்ரா இறக்கை போட்டுப் பறந்தால் நிலம் தாமதமாக வந்து சேரும். 1.18இல் உலகத்தின் உயரம் 256 கட்டையிலிருந்து 384 ஆக உயர்ந்ததால் ஒவ்வொரு சங்கிலும் படிக்க வேண்டியதும் கூடிவிட்டது.

பேக்கப் 10 ஜிபியை நகர்த்தி, டிஸ்டன்ட் ஹரைசன்ஸ் கோப்பையும் பார்த்துவிட்டாலே சியில் போதுமான இடம் கிடைக்கலாம். அப்படியானால் இப்போது விளையாடும் உலகத்தை எஸ்எஸ்டியிலேயே வைத்துவிட்டு, விளையாடாத பழைய உலகங்களை மட்டும் டிக்கு எடுத்துவைப்பேன். உலகத்தின் ஃபோல்டர் தனித்து நிற்கக்கூடியது. மறுபடி சேவ்ஸில் போட்டால் பட்டியலில் வந்துவிடும்.

மழைக்காகம்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். ஸ்டீம் விளையாட்டுகளுக்கும் இதே முறையா? ஸ்டார்டூ வேலியும் இன்னும் சிலதும் வைத்திருக்கிறேன்.

கீழ்வானம்

ஸ்டீமில் விளையாட்டை நகர்த்த ஜங்ஷன் தேவையே இல்லை. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியில் டி டிரைவைச் சேர்த்துவிட்டு, விளையாட்டைத் தேர்ந்தெடுத்து மூவ் கொடுத்தால் ஸ்டீமே நகர்த்திக்கொள்ளும். கையால் நகர்த்தினால் ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டரில் அந்த விளையாட்டின் விவரம் உள்ள ஏசிஎஃப் கோப்பும் சேர்ந்து போக வேண்டும், இல்லாவிட்டால் விளையாட்டு நிறுவப்படவில்லை என்று காட்டும்.

ஆனால் அப்படி நகர்வது நிரல் மட்டும்தான். சேவ் பெரும்பாலும் சி டிரைவிலேயே நிற்கும். ஸ்டார்டூ வேலியின் சேவ் ரோமிங்கில் ஸ்டார்டூவேலி ஃபோல்டருக்குள் இருக்கிறது. யூனிட்டி என்ற இன்ஜினில் செய்த விளையாட்டுகள் பல ஆப்டேட்டாவில் லோக்கல்லோவில் வைக்கும். சில டாக்குமென்ட்ஸில் மை கேம்ஸ் என்று வைக்கும். சேவ் அளவில் சின்னது, அதை நகர்த்தி மிச்சப்படுத்த ஒன்றுமில்லை. விண்டோஸை மறுபடி நிறுவும் நாளில் டியில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பி சியை ஃபார்மட் செய்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

பூவரசு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முதலில் பேக்கப் ஜிப்களை டிக்கு மாற்றினேன். அப்புறம் மகளிடமே கேட்டேன். அவள் அதிகம் பறப்பதில்லை, கட்டுவதுதான் வேலை, அதனால் ஹார்ட் டிஸ்க் பரவாயில்லை என்றாள். கேம் டைரக்டரி வழியில் போனோம். எண்ணிக்கையும் பைட்டும் ஒத்துப்போயின. ஊர் முழுதும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டாள், எல்லாம் இருக்கிறது. வரைபடமும் வந்துவிட்டது.

இரண்டு கேள்விகள். சாவிகளை அவள் தன் விருப்பத்துக்கு மாற்றி வைத்திருந்தாள், அவை ஆரம்ப நிலைக்குப் போய்விட்டன. சர்வர் பட்டியலும் காலி. இன்னொன்று, பழைய ஃபோல்டரில் உள்ளதை அழித்த பிறகும் சியில் இடம் அப்படியே காட்டுகிறது.

வட்டெழுத்து

இடத்துக்கு ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். சியில் அழித்தது சியின் ரீசைக்கிள் பின்னிலேயே இருக்கும், அதைக் காலி செய்யும்வரை இடம் திரும்பாது. காலி செய்வதற்கு முன் சாவி விஷயத்தை முடித்துவிடுங்கள். ஆப்ஷன்ஸ் டெக்ஸ்ட் கோப்பும் சர்வர்ஸ் டேட் கோப்பும் எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல் வெளியே கிடப்பவை, காப்பியில் விடுபட்டிருக்கும். பின்னில் இருந்தால் ரீஸ்டோர் கொடுத்து, விளையாட்டு மூடியிருக்கும்போது புது ஃபோல்டரில் வைத்து, மேலெழுத அனுமதி கேட்டால் கொடுங்கள். அதற்கப்புறம் பின்னைக் காலி செய்யலாம்.

கீழ்வானம் சொன்ன ஓட்டையை அடைக்க, லாஞ்சரில் அவளுக்கு வேண்டிய இன்ஸ்டலேஷனுக்குத் தெளிவான ஒரு பெயர் வைத்து, பயன்படுத்தாதவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இரவுப்பூனை

ஃபோல்டரின் பெயரிலும் கவனம் இருக்கட்டும். தமிழ் எழுத்தில் பெயர் வைக்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் பழைய பதிப்புகளும் சில மோட்களும் ஆங்கிலம் அல்லாத எழுத்துள்ள பாதையில் தடுமாறுகின்றன. ஆச்சரியக்குறியும் வேண்டாம். ஜாவாவில் ஜார் என்ற நிரல் தொகுப்புக் கோப்பின் உட்பாதையைக் குறிக்க அதே குறிதான் பயன்படுகிறது, அதனால் விளையாட்டு திறக்காமலே போகலாம். ஒன்டிரைவ் ஒத்திசைக்கும் ஃபோல்டருக்குள்ளும் வைக்காதீர்கள். விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை அதே நேரத்தில் இன்னொரு நிரல் பிடித்திழுப்பது உலகத்துக்கு நல்லதல்ல.

பூவரசு

சாவியும் சர்வர் பட்டியலும் திரும்பிவிட்டன, சிவப்புக் கோடும் போய்விட்டது. பெயர் ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறோம். கடைசியாக ஒன்று. தங்கை வீட்டுக்குப் போகும்போது ஒரு வெளி டிஸ்கில் உலகத்தை எடுத்துக்கொண்டு போய் தங்கை மகனின் லேப்டாப்பில் நேரடியாக டிஸ்கிலிருந்தே விளையாடலாமா?

கீழ்வானம்

விளையாடலாம், ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு லேப்டாப்பிலும் டிஸ்குக்கு வேறு டிரைவ் எழுத்து விழலாம், அப்போது கேம் டைரக்டரியில் கொடுத்த முகவரி பொருந்தாது. உங்கள் லேப்டாப்பில் டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் நிலையான எழுத்து கொடுக்கலாம், அங்கேயும் அதேபோல் செய்ய வேண்டும். விளையாடும்போது கம்பி அசைந்து டிஸ்க் துண்டித்தால் எழுதிக்கொண்டிருந்த எம்சிஏ கோப்பு கெட்டுப்போகலாம். எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்த டிஸ்க் என்றால் ஆபத்து இன்னும் அதிகம், என்டிஎஃப்எஸ்போல எழுதுவதைக் குறித்துவைத்து மீட்கும் ஏற்பாடு அதில் இல்லை.

புறப்படும்முன் மேக் பேக்கப் கொடுத்து அந்த ஜிப்பை மட்டும் எடுத்துப்போங்கள். அங்கே அவன் சேவ்ஸில் பிரித்துப் போட்டு விளையாடட்டும். திரும்பும்போது அவன் பக்கம் ஒரு பேக்கப் எடுத்து உங்கள் சேவ்ஸில் வேறு பெயரில் வையுங்கள். இருவரிடமும் ஒரே பதிப்பு எண் இருக்கிறதா என்று போகும்முன்பே பாருங்கள். புதுப் பதிப்பில் ஒருமுறை திறந்து சேமித்த உலகத்தைப் பழைய பதிப்புக்குத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பூவரசு

அவனிடம் பழைய பதிப்புதான் இருக்கிறதாம். இரண்டு லேப்டாப்பிலும் அந்தப் பதிப்புக்கே இன்ஸ்டலேஷன் போட்டுக்கொள்கிறோம். மகளுடையது இப்போது இருப்பது எந்தப் பதிப்பு என்று முதலில் பார்க்க வேண்டுமோ?

வட்டெழுத்து

ஆமாம் அக்கா. உலகப் பட்டியலில் ஒவ்வொரு உலகத்தின் கீழேயும் கடைசியாகத் திறந்த பதிப்பு எண் சின்ன எழுத்தில் இருக்கும். அவனுடையதைவிட அது புதிது என்றால் உலகத்தைப் பழைய பதிப்புக்குக் கொண்டுவர முடியாது, அவன் லேப்டாப்பில்தான் அந்த எண்ணுக்கு ஒரு புது இன்ஸ்டலேஷன் போட வேண்டும். மோட்களும் அதே பதிப்புக்கானவையாக இருக்க வேண்டும்.